ஒரு தேக்கரண்டி காப்பியின் வெப்பமும் உயிரைப் பறிக்கும் கதிர்வீச்சும்: செல்லுக்குள் நடப்பது என்ன?

வணக்கம். 4 கிரே அளவுள்ள காமா கதிர்வீச்சு ஒருவருடைய உடல் முழுவதும் ஒரே சமயத்தில் பாய்ந்து, அவருக்கு மருத்துவ உதவியும் கிடைக்காமல் போனால், அவர் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. அந்தக் கதிர்வீச்சு அவருடைய உடலில் இறக்கிய ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஒரு கிரே என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு ஜூல். ஆகவே 70 கிலோ எடையுள்ளவர் பெற்றது மொத்தம் 280 ஜூல்தான். ஒரு தேக்கரண்டி காப்பியைக் குடிக்கும் சூட்டில் விழுங்கினாலே ஏறத்தாழ அவ்வளவு வெப்பம் உடலில் சேர்ந்துவிடும். உடல் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரும். காய்ச்சல் பார்க்கும் கருவியில் அது தெரியவே தெரியாது.

காப்பி தெம்பு தருகிறது. அதே அளவு ஆற்றல் கதிர்வீச்சாக வந்தால் ஆளைக் கொல்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: எக்ஸ் கதிர், காமா, ஆல்ஃபா, பீட்டா]

ஒளியும் வானொலி அலையும்கூடக் கதிர்வீச்சுதான் என்றாலும், நாம் இங்கே பேசுவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் வலிமையுள்ள அயனியாக்கும் கதிர்வீச்சைப் பற்றி மட்டுமே.

காப்பியின் வெப்பம் உடலின் கோடானுகோடி மூலக்கூறுகளுக்கிடையே பரவிப்போவதால் எந்த மூலக்கூறுக்கும் முறிந்துபோகும் அளவுக்கு ஆற்றல் கிடைப்பதில்லை. கதிர்வீச்சு அப்படிப் பகிர்ந்து கொடுப்பதில்லை. சராசரியாக 33 எலக்ட்ரான் வோல்ட் (அணுக்களின் அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) அளவுள்ள பொட்டலங்களாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இறக்குகிறது. கார்பன் அணுக்களுக்கிடையிலான இரட்டைப் பிணைப்பை அறுக்கப் பத்துக்கும் குறைவான எலக்ட்ரான் வோல்ட்டே போதும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பொட்டலங்களில் சில நேராக டிஎன்ஏவின் மீதே விழுகின்றன. ஆனால் செல்லில் பெரும்பகுதி நீர் என்பதால், பல நேரங்களில் அடி முதலில் நீருக்குத்தான் விழுகிறது. சிதைந்த நீர் மூலக்கூறிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற வினைவேகம் மிக்க துணுக்கு, பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தொலைவைக் கடப்பதற்குள் எதிர்ப்படும் எதனோடும் வினைபுரிந்துவிடும். அந்தச் சில நானோமீட்டருக்குள் டிஎன்ஏ இருந்தால் அதற்குத்தான் கேடு. எக்ஸ் கதிர் டிஎன்ஏவுக்கு விளைவிக்கும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீரின் வழியாகவே நேர்கிறது.

[திரையில்: டிஎன்ஏவின் இரண்டு இழைகள், ஒன்றில் முறிவு]

இனி வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக வியப்பான பகுதி. சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு கிரே எக்ஸ் கதிர் பட்ட மனித செல்லில் டிஎன்ஏவின் ஓர் இழை மட்டும் அறுபடும் முறிவுகள் ஏறத்தாழ 1,000 உண்டாகின்றன. கேட்பதற்கு அச்சமாக இருந்தாலும், கதிர்வீச்சே படாத செல்லிலும் மூச்சுவிடுவது போன்ற அன்றாட வேலைகளின் விளைவாக நாள்தோறும் பல்லாயிரம் சேதங்கள் ஏற்பட்டுச் சரிசெய்யப்படுகின்றன. ஓர் இழை அறுந்தால் எதிர் இழையைப் படித்துப் பார்த்து நொதிகள் அதை முன்பிருந்தவாறே திரும்ப எழுதிவிடும்.

உண்மையான ஆபத்து இரண்டு இழைகளும் அருகருகே ஒருசேர அறுபடும்போது வருகிறது. கதிரின் தடத்தில் அயனியாக்கங்கள் கொத்தாக நிகழ்வதால் இது சாத்தியமாகிறது. ஒரு கிரேக்குச் சுமார் 40 இரட்டை இழை முறிவுகள். எண்ணிக்கையில் சிறிதானாலும் இந்த நாற்பதுதான் செல்லின் கதியைத் தீர்மானிக்கிறது, ஏனெனில் இங்கே படித்துப் பார்ப்பதற்கு எதிர் இழை மிச்சமில்லை. டிஎன்ஏவை நகலெடுத்து முடித்த செல்லாக இருந்தால் அந்த நகலைப் பார்த்துப் பிழையின்றிச் சரிசெய்துகொள்ளலாம். மற்ற நேரங்களில் செல் அறுந்த முனைகளைப் பிடித்து அப்படியே ஒட்டிவிடுகிறது. ஒட்டும்போது சில எழுத்துகள் தொலைந்துபோகலாம். அதைவிட மோசமாக, ஒரு குரோமோசோமின் முனை வேறொரு குரோமோசோமின் முனையோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடத்துக்குச் சென்ட்ரோமியர் என்று பெயர்; வழக்கமாக ஒரு குரோமோசோமில் ஒன்றுதான் இருக்கும். அப்படி ஒட்டியதில் இரண்டு சென்ட்ரோமியர்கள் அமைந்துவிட்டால், செல் பிரியும் நேரத்தில் அந்த ஒரே குரோமோசோம் இரு பக்கமும் இழுக்கப்பட்டு, பிரிதலே குலைந்து, செல் மடிகிறது.

இந்தப் பிறழ்ந்த குரோமோசோம்களையே மருத்துவர்கள் அளவுகோலாகவும் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டிடத்திலிருந்து கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி ஒன்று பழைய இரும்புக்காக எடுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது. உள்ளே இருந்த சீசியம்-137 பொடி இருட்டில் நீல நிறத்தில் ஒளிர்ந்ததால், ஒன்றும் அறியாத மக்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உறவினருக்கும் பகிர்ந்தார்கள். நால்வர் இறந்தார்கள், அவர்களில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் யாரிடமும் கதிர்வீச்சை அளக்கும் கருவி இருக்கவில்லை. ஆகவே அவர்களுடைய ரத்தத்தை எடுத்து, வெள்ளணுக்களில் இரட்டைச் சென்ட்ரோமியர் குரோமோசோம்கள் எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணி, ஒவ்வொருவரும் வாங்கிய அளவைக் கணித்தார்கள்.

ஆல்ஃபா துகள் எக்ஸ் கதிரையும் காமாவையும்விட அடர்த்தியாக ஆற்றலை இறக்கி, ஒட்ட முடியாத அளவுக்கு டிஎன்ஏவைச் சிதைக்கும். தோலைத் தாண்டாது என்றாலும் சுவாசத்திலோ உணவிலோ உள்ளே போய்விட்டால் கொடியது.

பிரியும்போதுதான் செல் மடிகிறது என்பதால், ஓயாமல் பிரியும் எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்படலமும் முதலில் வீழ்கின்றன. கதிர்வீச்சு பட்டவர் முதல் நாள் வாந்திக்குப் பிறகு சில நாட்கள் நலமாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே: முன்பே உருவான ரத்த அணுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஆனால் அவற்றின் இடத்தை நிரப்பப் புதியவை பிறக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றுவந்தால், இந்தப் பகுதியை அவர்களுக்கு அனுப்புங்கள். பல சிகிச்சைகளில் நாளொன்றுக்கு 2 கிரே வீதம் வாரக்கணக்கில் பிரித்துத் தருவது, இரு அமர்வுகளுக்கிடையே நலமான திசு தன் முறிவுகளை ஒட்டிக்கொள்ளட்டும் என்பதற்காக. புற்றுசெல்கள் பலவற்றில் அந்தச் சீரமைப்புத் திறன் குறைபட்டிருக்கும். மருத்துவரிடம் சொல்லாமல் நடுவில் சில நாட்கள் விட்டுவிட்டால் புற்றுக்கும் மீள அவகாசம் கிடைத்துவிடும். வெளியிலிருந்து எக்ஸ் கதிர் செலுத்தப்பட்டவரின் உடலில் கதிர்வீச்சு தங்காது. அவர் தயங்காமல் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

[திரையில்: 1927, பழ ஈ]

சந்ததியைப் பாதிக்குமா என்ற கேள்வியைப் பலர் கேட்பீர்கள். எக்ஸ் கதிர் பழ ஈக்களில் பரம்பரையாகத் தொடரும் மரபணு மாற்றங்களை உண்டாக்குவதை ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டினார்; 1946இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த அச்சத்தோடுதான் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் 1948 முதல் 1954 வரை பிறந்த சுமார் 77,000 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். குண்டுவீச்சின்போது கருவில் இருந்து நேரடியாகக் கதிர்வீச்சு பட்ட குழந்தைகளில் சிலருக்கு மூளை வளர்ச்சி குன்றியது உண்மை. குண்டுவீச்சில் தப்பியவர்களுக்குப் புற்றுநோய் கூடியதும் உண்மை. ஆனால் அவர்களுக்குப் பின்னாளில் கருவாகிப் பிறந்த இந்தக் குழந்தைகளில், பிறவிக் குறைபாடுகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததாக ஆய்வில் தெரியவில்லை. தப்பிப் பிழைத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் திருமணச் சம்பந்தங்களில் ஒதுக்கப்பட்டதோ, அந்த முடிவு வெளிவந்த பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.