அப்பா ஏன் காலையில் மட்டும் சுகர் பார்த்தார்?

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயது, 15 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். நான் வெளியூரில் இருக்கிறேன் என்று ஒரு புளூடூத் குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன், அவர் விரலில் குத்திப் பார்த்தால் எண் நேராக என் செல்போனுக்கு வந்துவிடும். 240 என்று வந்தால் அடுத்த நிமிடமே போன் போடுவேன், "என்னப்பா சாப்பிட்டீங்க?" என்று.

அப்புறம் 118, 125, 121 என்று அருமையாக வர ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் லேபில் எச்பிஏ1சி பார்த்தால் 9.1. கடைசி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட் அது, அதில் ஒளித்து வைக்க முடியாது. விசாரித்தால், மதியம் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி பட்டினி கிடந்து, காலையில் மட்டும் குத்திப் பார்த்திருக்கிறார். "நீ சத்தம் போடுவியேன்னுதான்" என்றார். ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி! சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயங்கி விழுந்திருந்தால்? அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதில் வலித்தது என்னவென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற அக்காவிடம் அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், கல்யாண வீட்டில் சாப்பிட்ட ஜாங்கிரி வரைக்கும். அந்த அக்கா திட்டுவதில்லை, கேட்டுக்கொள்கிறார்.

அதனால் செல்போனில் மாற்றிவிட்டேன். 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ மட்டும்தான் எனக்குத் தகவல் வரும். மற்றதெல்லாம் அப்பாவின் நோட்டில், அவர் கையெழுத்தில், என்ன சாப்பிட்டார் என்பதோடு சேர்த்து. வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. டாக்டரும் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்க்கிறார்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்தச் சொல்லுங்கள், மாம்பழம் சாப்பிட்ட விரலில் குத்தினால் எண் தாறுமாறாக ஏறும். பிரஷர் மெஷின் என்றால் மேல்கையில் கட்டுவதாக வாங்குங்கள். அம்மா அடுப்படியிலிருந்து வந்த வேகத்தில் கட்டிப் பார்த்துவிட்டு 160 என்று பயப்படுவார், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அப்புறம் விரலில் குத்தாமலே சுகர் காட்டும் வாட்ச், மோதிரம் என்று விளம்பரம் வருகிறதே, அதை நம்பி மாத்திரை அளவைக் கூட்டிக் குறைக்காதீர்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

நேற்று அப்பாவே போன் பண்ணினார். "இன்னைக்கு 212. பேத்தி பிறந்தநாள், கேசரி சாப்பிட்டேன்." நான் "சரிப்பா, கேசரி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.