54 பேருக்கு ஒரு கழிப்பறை

நேயர்களுக்கு வணக்கம். நீதிமன்றத் தீர்ப்போடு புகைப்படம் இணைத்துப் பார்த்திருக்கிறீர்களா? 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் அப்படி இணைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா மாநிலச் சிறை ஒன்றின் உடற்பயிற்சிக்கூடம் அது. உள்ளே பந்து விளையாட இடமில்லை. சுவரோடு சுவராக அடுக்குக் கட்டில்கள்.

அம்மாநிலச் சிறைகள் சுமார் 80,000 பேருக்கெனக் கட்டப்பட்டவை. அடைத்து வைத்திருந்ததோ கிட்டத்தட்ட இருமடங்கு. சில இடங்களில் 54 பேருக்கு ஒரே கழிப்பறை. தற்கொலை எண்ணம் கொண்ட கைதிகளை, மனநலப் படுக்கை காலியில்லை என்று, டெலிஃபோன் பூத் அளவுக் கூண்டில் நிறுத்தி வைத்தார்கள். இதெல்லாம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இவ்வளவு கூட்டம் எப்படிச் சேர்ந்தது? முக்கியமான காரணங்களில் ஒன்று, 1994இல் வந்த ‘மூன்று முறை’ சட்டம். முன்பு இரண்டு கடுங்குற்றங்களில் தண்டனை பெற்றவர் மூன்றாவதாகச் சிக்கினால் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. மூன்று கால்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கே அந்தத் தண்டனை கிடைத்தது. 2003இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது!

அதே நீதிமன்றம்தான் 2011இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது என்ற உத்தரவை உறுதி செய்தது.

இங்கே ஒரு சொற்சிக்கல். பிரிசன், ஜெயில் இரண்டையும் நாம் சிறை என்றே சொல்லிவிடுகிறோம். அங்கே பிரிசன் மாநில அரசுடையது, நீண்ட தண்டனைக்காரர்களுக்கு. ஜெயில் கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி, நிர்வாகத்துடையது. விசாரணைக் கைதிகளும் குறுகிய தண்டனை பெற்றவர்களும் இருப்பது அங்கேதான். அரசு என்ன செய்தது தெரியுமா? 2011 அக்டோபரிலிருந்து, வன்முறை கலவாத பல குற்றங்களுக்கு இனி ஜெயில்தான் என்றது. பிரிசனில் கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் அதில் ஒரு பகுதி பக்கத்து அறைக்கு நகர்ந்த கூட்டம்தானே?

உருப்படியான மாற்றம் 2012இல் வந்தது. மூன்றாவது குற்றமும் கடுமையானதாகவோ வன்முறையாகவோ இருந்தால்தான் பொதுவாக ஆயுள் தண்டனை என்று வாக்காளர்களே சட்டத்தைத் திருத்தினார்கள்.

1852இல் தொடங்கிய சான் குவென்டின் சிறைக்கு 2023இல் ‘புனர்வாழ்வு மையம்’ என்று பெயர் சூட்டினார்கள். பலகை மாறியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. 2021இல் டிரேசி நகரருகே ஒரு மாநிலச் சிறையையே இழுத்து மூடினார்களே, அதைத்தான் செய்தி என்பேன்.

நன்றி, வணக்கம்.