கால் மணிக்கு 30 மில்லி: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு

வணக்கம் நேயர்களே. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ள நாள் குறித்திருப்பவர்கள், அவர்களுக்குச் சமைத்துப் போடப்போகிறவர்கள் என்று பலரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சமைத்துப் போடுகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நோயாளி வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம் அடுப்படியில் உங்களுக்குப் பெரிய வேலை கிடையாது. மருந்து ஊற்றிக் குடிக்கும் 30 மில்லி அவுன்ஸ் கிளாஸ் ஒன்றும், கண்ணில் படும்படி ஒரு கடிகாரமும் இருந்தால் போதும்.

ஏன் கடிகாரம்? ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் ஒடுங்கிய குழாயில் 100 முதல் 150 மில்லிதான் பிடிக்கும். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல் முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராகச் சேர்த்துவிடுகிறார்கள். எந்த முறையானாலும் வெட்டிய ஓரமும் இணைத்த இடமும் வீங்கியிருக்கும். அந்த வீக்கம் வடிகிறவரை உள்ளே இடம் இன்னும் குறைவு. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. அதனால் பல மாதங்களுக்குப் பசி சரியாகத் தெரியாது. தாகமும் குமட்டலுக்கு அடியில் மறைந்துபோகும். ‘தாகம் எடுத்தால் குடிக்கிறேன், பசித்தால் சாப்பிடுகிறேன்’ என்று இருக்கிறவர்கள்தான் இரண்டாவது வாரத்தில் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளத் திரும்பி வருகிறார்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபடி அட்மிட் ஆவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் நீரிழப்பும் ஒன்று.

ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். கால் மணிக்கு 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 120 மில்லி. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1680 மில்லி. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் இதில் இடைவெளிக்கு இடமே இல்லை. மதியம் இரண்டரை மணி நேரம் தூங்கிவிட்டால் 300 மில்லி போயிற்று, 1380க்கு இறங்கிவிடுவீர்கள். விட்டதை ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்ட முடியாது. மடமடவென்று குடித்தால் நெஞ்சுக்கு நடுவில் வலிக்கும், பிறகு அப்படியே வெளியே வரும். ஆகவே காலை 6 மணிக்கே தொடங்கிவிடுங்கள். கைபேசியில் கால் மணிக்கொரு அலாரம் வையுங்கள். 30 மில்லியையும் ஒரே வாயில் ஊற்றிக்கொள்ளாமல் மூன்று நான்கு மிடறாகப் பருகுங்கள். ஸ்ட்ரா வேண்டாம், அதில் காற்றும் சேர்ந்து போகும், வயிறு உப்பும். சோடா, கோலா போன்ற வாயு அடைத்த பானங்களும் அப்படித்தான்.

சாதாரண நாளில் நமக்குத் தேவையான நீரில் ஐந்தில் ஒரு பங்கு, நாம் கவனிக்காமலே உணவிலிருந்து வந்துவிடும். இப்போது உணவும் இல்லை என்பதால் அந்தப் பங்கும் குடித்துத்தான் வர வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. நீர் குறைந்தால் குமட்டும். குமட்டினால் குடிக்கத் தோன்றாது. குடிக்காவிட்டால் குமட்டல் கூடும். பலர் இதை ‘ஆபரேஷன் செய்த வயிறு, அப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொள்கிறார்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுவது, இவற்றோடு வரும் குமட்டலுக்கு முதல் சந்தேகம் நீரிழப்பின் மேல்தான் விழ வேண்டும். எட்டு மணி நேரமாகச் சிறுநீரே கழியவில்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வெறும் தண்ணீர் கனமாக இறங்குவதாகச் சிலருக்குத் தோன்றும். அவர்கள் வெதுவெதுப்பாகவோ சில்லென்றோ மாற்றிப் பார்க்கலாம். சர்க்கரை சேர்க்காத பானம், வடிகட்டிய தெளிந்த சூப் எல்லாமே கணக்கில் சேரும். இரத்த அழுத்தத்துக்காக ஏற்கெனவே நீர் பிரியும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், அதைத் தொடர வேண்டுமா என்று வீட்டுக்குக் கிளம்பும்முன் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள்.

உணவின் படிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். உங்கள் கையில் கொடுத்த தாளில் இருப்பதே உங்களுக்கு விதி. பொதுவான போக்கைச் சொல்கிறேன். முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம் மட்டும். பிறகு இரண்டாம் வாரக் கடைசிவரை பால், தயிர், புரதத்தூள் கலந்த பானம் போன்ற கெட்டியான திரவங்கள். மூன்றாம், நான்காம் வாரங்களில் கட்டியில்லாமல் மசித்த உணவு. ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு மென்மையான உணவு. அதன் பிறகே வழக்கமான சாப்பாடு. பத்தாவது நாளில் வலியெல்லாம் போய், நன்றாக இருப்பதுபோல் தெரியும். ஒரு வாய் கெட்டியாகச் சாப்பிட்டால் என்ன என்று தோன்றும். மேலே தோல் ஆறிவிட்டது, உள்ளே வெட்டிய ஓரத்தை மூட ஸ்டேப்பிள் என்னும் உலோகப் பின் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை. அந்த இடம் விட்டுப்போய் இரைப்பையில் இருப்பது வயிற்றுக்குள் கசியலாம்; அப்படிக் கசிவு ஏற்பட்டால் அது பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள்தான் ஏற்படும். நாடித்துடிப்பு ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது ஆகியவை கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல் நாடி மட்டும் வேகமாக ஓடினாலும் உடனே போக வேண்டும். பல நேரம் முதலில் தெரிவது அதுதான்.

அடுத்தது புரதம். நாளைக்கு 60 முதல் 80 கிராம். இது குறைந்தால் உடல் தன் தசையைக் கரைத்துக்கொள்ளும்; எடை இயந்திரம் அதையும் எடைக்குறைவு என்றுதான் காட்டும். திரவ நாட்களில் இதை எப்படி எட்டுவது? அரை லிட்டர் கொழுப்பு நீக்கிய பாலில் ஏறக்குறைய 17 கிராம் இருக்கிறது. அதில் 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்தால் இன்னொரு 10. பாலின் தெளிநீரிலிருந்து எடுக்கும் வே புரதத்தூள் ஓர் அளவுக் கரண்டியில் பெரும்பாலும் 20 முதல் 25. கரைத்த தயிர் 200 கிராமில் 7. கூட்டிப் பாருங்கள், 54 முதல் 59 வரை வருகிறது. தூளை இன்னும் கொஞ்சம் கூட்டினால் இலக்கு கைக்கு எட்டிவிடும். இதில் பாதிக்கு மேல் குடிக்கும் கணக்கிலும் சேருகிறது என்பது கூடுதல் வசதி. பைபாஸுக்குப் பிறகு சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. வயிறு இரையும், பேதியாகும். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை நீக்கிய பாலுக்கோ சோயாவுக்கோ மாறிவிடலாம்.

மசித்த உணவு தொடங்கும்போது ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான். நாளைக்கு ஐந்தாறு வேளை. வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள்: முட்டை, மீன், பருப்பு, கோழி. பிறகு காய். மாவுப்பண்டம் இடம் இருந்தால் பார்க்கலாம். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. முடித்து அரை மணி கழித்துத்தான். இருக்கிற இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் புரதம் எங்கே போகும்? பைபாஸில் கூடவே குடித்தால் உணவு அவசரமாகக் குடலுக்குள் அடித்துச் செல்லப்படும். சர்க்கரை மிகுந்த பண்டமாக இருந்துவிட்டால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைவது, பேதி எல்லாம் வரும். இதை டம்ப்பிங் என்கிறோம். ஒன்று முதல் மூன்று மணி கழித்து நடுக்கமும் மயக்கமும் வந்தால் அது இரத்தச் சர்க்கரை சரிவது. அதற்கு இனிப்பு கொடுத்துவிட்டுக் கையோடு புரதமும் கொடுக்காவிட்டால் மறுபடி சரியும்.

இனி வாந்தி. ‘இந்த ஆபரேஷன் செய்தால் வாந்தி வரத்தான் செய்யும்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வாந்தி வந்தால் ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் வேகமாகச் சாப்பிட்டது, சரியாக மெல்லாதது, ஒரு வாய் அதிகம் போனது. உலர்ந்த கோழி, மென்மையான பிரெட், ஒட்டிக்கொள்ளும் சோறு, இவையெல்லாம் வாயில் சுலபமாகத் தெரிந்தாலும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். நெஞ்சில் ஏதோ நிற்பதுபோல் இருக்கும், வாயில் எச்சில் ஊறி நுரை நுரையாக வரும். அப்போது தண்ணீர் விட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள். தண்ணீருக்கும் வழி இல்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடங்கள். அது தணிந்தபின் அன்றைக்கு மிச்சப் பொழுதைத் திரவத்தோடு ஓட்டுங்கள். நான்காவது வாரத்துக்குப் பிறகு, நேற்று இறங்கிய மசித்த உணவு இன்று இறங்கவில்லை, நாளை திரவமே இறங்கவில்லை என்று நாளுக்கு நாள் குறுகிக்கொண்டு போனால், இணைப்பு சுருங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழியே விடும் கேமரா குழாய், வழியாகப் பலூனால் விரித்துச் சரிசெய்யலாம். நிலைமை முற்றும்வரை காத்திருக்கக் கூடாது.

காரணம், வாந்தியோடு தயமின் என்னும் வைட்டமின் பி1 போய்விடுகிறது. உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. சாப்பிடாமல், வாந்தியும் எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். தீர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடும். இதில் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால், மிஞ்சியிருக்கும் தயமினும் அந்தச் சர்க்கரையை எரிக்கவே செலவாகி நிலைமை மோசமாகலாம். இரண்டு மூன்று நாள் வாந்தியோடு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், ‘எடைக் குறைப்பு அறுவை செய்திருக்கிறது, குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி போட வேண்டுமா பாருங்கள்’ என்று சொல்லத் தயங்காதீர்கள். அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மல்டிவைட்டமினோடு பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம். கால்சியம் நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். ஒரே நேரத்தில் 500, 600க்கு மேல் உடல் உறிஞ்சாது, பிரித்துத்தான் போட வேண்டும். அமிலம் குறைந்த வயிற்றில் கால்சியம் சிட்ரேட் நன்றாகச் சேரும். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். தைராய்டு மாத்திரை இரண்டிலிருந்தும் நான்கு மணி நேரம் தள்ளி நிற்க வேண்டும். தலை சுற்றுகிறதா? இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலை 6க்குத் தைராய்டு, 10.30க்கும் 2.30க்கும் கால்சியம், மூன்றாவது கால்சியம் தேவையென்றால் மாலை 6.30, இரவு 9க்கு இரும்பு. இரும்போடு காபி, டீ வேண்டாம்.

மற்ற மருந்துகளில் இரண்டு எச்சரிக்கை. ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பில் புண்ணை உண்டாக்கும்; புகைப்பதும் அதே புண்ணுக்குத்தான் வழி. வலிக்குப் பாராசிட்டமால், அளவோடு. இரண்டாவது, சர்க்கரை நோய் மருந்து. இரத்தச் சர்க்கரை, எடை இறங்கும் முன்பே சில நாட்களில் இறங்கத் தொடங்கிவிடும். பழைய அளவில் இன்சுலின் போட்டால் மயக்கத்தில் கொண்டு விடும். புதிய அளவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை நீங்களாகப் பொடித்துப் போடாதீர்கள். மாற்று உண்டா என்று கேளுங்கள்.

நடை அறுவை நடந்த அன்றே தொடங்கும், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க. கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அவசரம்தான். ஐந்தாறு கிலோவுக்கு மேல் தூக்குவது நான்கு முதல் ஆறு வாரம் கழித்து. மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொட்டும். வேகமாக எடை இறங்குவதால் வருவது, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை. கருத்தரிப்பதை 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, வேறு முறையைக் கேளுங்கள். மது முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். முதல் ஆண்டு தொடவே வேண்டாம்.

இரத்தப் பரிசோதனை 3, 6, 12 மாதங்களில், அப்புறம் ஆண்டுக்கொரு முறை. டிஸ்சார்ஜ் தாளின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஓர் ஆண்டு, ஐந்து ஆண்டு கழித்துக்கூட, எடை நன்றாக இறங்கியபின், திடீரென்று வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி வரலாம். குடல், உள்ளே இருக்கும் ஓர் இடைவெளியில் நுழைந்து மாட்டிக்கொள்வதால் வருவது அது. வாயு என்று நினைத்து வீட்டில் கிடந்தால் குடல் அழுகும் அளவுக்குப் போகும். அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் மருத்துவருக்கு உங்கள் பழைய அறுவை பற்றித் தெரியாது. அந்தப் படத்தைக் காட்டி, பைபாஸ் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.