மனப்பாடம் போன இடம்

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இருப்பவர்களின் போன் நம்பர் எத்தனை பேருக்கு மனப்பாடமாகத் தெரியும்? கையைத் தூக்குங்கள். ஒரு நம்பர் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். மூன்று நம்பர்? சரி, பாதிக் கைகள் இறங்கிவிட்டன.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என் போன் அணைந்துபோனது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் போனை நீட்டி, "பேசிக்கோங்க தம்பி" என்றார். வாங்கினேன். ஒன்பது, எட்டு, நான்கு... அதற்கு மேல் விரல் நகரவில்லை. என் மனைவியின் நம்பர் அது, தினமும் பத்து முறையாவது கூப்பிடுகிறேன், ஆனால் நான் கூப்பிடுவது ஒரு பெயரைத்தான், நம்பரை இல்லை. அதே சமயம், சின்ன வயதில் எங்கள் தெருவுக்கே போன் வைத்திருந்த மளிகைக் கடையின் ஐந்து இலக்க நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இது வயதினால் வருகிற மறதி இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பெட்சி ஸ்பாரோவும் மற்ற ஆய்வாளர்களும் 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது என்பது போன்ற 40 தகவல்களைக் கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் இதெல்லாம் கணினியில் சேமிக்கப்படும் என்றார்கள், மீதிப் பேரிடம் அழிந்துவிடும் என்றார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் மூளை அதைப் பிடித்துவைக்க மெனக்கெடுவதில்லை.

எல்லா மறதியும் நஷ்டம் என்று நான் சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை ஒப்பித்தார்கள், 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்னக் கணக்கு அவர்கள் வாயில் வந்தது. இன்று அந்த வேலையைக் கால்குலேட்டர் செய்கிறது, செய்யட்டும்.

என் கவலை வேறு. எங்கள் பாட்டி வாசல் பெருக்கும்போது எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்தால் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு, காயவைத்த நெல்லை அள்ளுவார். 'எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை' என்பது அவர் தலைக்குள் இருந்தது, அதனால்தான் கண்ணில் பட்ட எறும்பும் முற்றத்து நெல்லும் ஒரே நொடியில் ஒன்றாகச் சேர்ந்தன. நம் போனிலும் மழைச் செய்தி இருக்கிறது, ஆனால் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றினால்தானே எடுத்துப் பார்ப்போம்? தலைக்குள் இல்லாத இரண்டு விஷயங்களை முடிச்சுப் போட இணையத்தால் முடியாது, அது நமக்குள் நடக்கிற காரியம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வாய்ப்பாடு மாதிரி மனைவியின் நம்பரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "என் நம்பரையா மனப்பாடம் பண்றீங்க?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க நம்பரை ஒரு தடவை சொல்லுங்க" என்றாள். விளக்கை அணைத்த பிறகும் இரண்டு பேரும் ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.