ஒரு தடவை கொடுத்த காசு

வணக்கம். நம் டர்பனில், சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் அடுப்படியில் வேலையாக இருந்துகொண்டு கேட்பவர்களுக்கும், காரில் போய்க்கொண்டே கேட்பவர்களுக்கும். கலைஞர்களின் சம்பளம் பற்றி ரேடியோவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் மேடையில் நடிக்கிறவன், எனக்கு இது பழைய கோபம், குரல் கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கல்யாணங்களையே எடுத்துக்கொள்வோமே. மண்டபத்துக்கு முன்பணம், பிரியாணிக்காரருக்குத் தலைக்கு இத்தனை ரேண்ட், பூ, பந்தல், சவுண்டு சிஸ்டம், எல்லாவற்றுக்கும் பேரம் பேசிக் காசு கைமாறியிருக்கும். பாட வருகிற பெண்ணிடம் மட்டும், "நம்ம பிள்ளைதானே, சும்மா ரெண்டு பாட்டு பாடும்மா!" மைக்குக்கு வாடகை உண்டு, மைக்கின் முன்னால் நிற்கிற தொண்டைக்குக் கிடையாது. கடைசியில் ஒரு பொன்னாடை. என் அலமாரி நிறைய பொன்னாடைதான், எந்தக் கடையிலும் அதை வாங்கிக்கொண்டு அரிசி தருவதில்லை.

சரி, அது நம் வீட்டுச் சமாசாரம். காசு கொடுக்கிற இடத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, நான் சொல்ல வந்தது அதைத்தான். ஒரு தடவை கொடுத்துவிட்டு, காலம் முழுக்க ஓட்டிச் சம்பாதிப்பது.

சாலமன் லிண்டாவைத் தெரியுமா? பேரைக் கேட்டிருக்க மாட்டீர்கள், மெட்டைக் கேட்டிருப்பீர்கள். காட்டில் சிங்கம் தூங்குகிறது என்று, 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்', உங்கள் பேரப்பிள்ளைகளும் பாடுகிறார்களே, அது. நம் நட்டால் பக்கத்து ஸூலு மனிதர். 1939ல் ஜோகன்னஸ்பர்க்கில் அதன் மூலப்பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்கு அவர் கையில் வந்தது பத்து ஷில்லிங். பாட்டு அமெரிக்கா போனது, வேறு வார்த்தைகள் ஏறின, டிஸ்னி படத்துக்குள்ளும் போனது. அவரோ பாட்டை வாங்கிய அதே ரெக்கார்டு கம்பெனியில் இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்குகிற வேலை பார்த்தார். 1962ல் ஏழையாகவே இறந்தார், கல்லறைக்குக் கல் வைக்கவே குடும்பத்துக்குப் பல வருஷம் ஆயிற்று. பத்து ஷில்லிங்! ரேடியோவைத் தாமதமாகப் போட்டவர்களுக்காக மறுபடி சொல்கிறேன், பத்து ஷில்லிங்.

அப்புறம் அவருடைய மகள்களைக் காப்பாற்றியது எந்தக் கம்பெனியின் பெருந்தன்மையும் இல்லை. 1911ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம், அதாவது காப்பிரைட் சட்டம். எழுதியவர் இறந்து 25 வருஷம் ஆனால் உரிமை வாரிசுகளுக்குத் திரும்ப வரும் என்று அதில் ஒரு விதி இருந்தது, அவர் உயிரோடு இருந்தபோது என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. அதைப் பிடித்துக்கொண்டு 2004ல் டிஸ்னி மீதே வழக்குப் போட்டார்கள், 2006ல் சமரசமானது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். பேரம் பேசத் தெரியாதவனுக்காகச் சட்டம் பேரம் பேசியிருக்கிறது.

நடிகனுக்கு அப்படி யார் பேசுகிறார்கள்? நான் ஒரு விளம்பரத்தில் நடித்தேன், கம்பெனி பேர் வேண்டாம், ஒரு நாள் கூலி கொடுத்தார்கள். அது ஓடிக்கொண்டே இருந்தது. கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தால் மேலே டிவியில் நானே சிரிக்கிறேன், பக்கத்து ஆன்ட்டி, "பணம் கொட்டுதா தம்பி?" என்கிறார். என்ன சொல்வது!

பெரிய நடிகர்கள் கதையும் அதுதான். 2014 ஆகஸ்டில், நம் தென்னாப்பிரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியில் ஓடிய 'ஜெனரேஷன்ஸ்' தொடரின் 16 நடிகர்கள் வேலையை நிறுத்தினார்கள். நல்ல சம்பளம் கேட்டார்கள், மறுஒளிபரப்புக்கும் பங்கு கேட்டார்கள். பதினாறு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடே பார்த்த முகங்களுக்கே அந்த மரியாதை. இங்கே நடிகனை ஊழியனாக நடத்துவதில்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரன் என்கிறார்கள். தொழிலாளர் சட்டம் ஊழியனுக்குக் கொடுக்கிற பாதுகாப்பு அவனுக்கு எட்டாது. ஹாலிவுட்டில் 1960லேயே சங்கம் வேலைநிறுத்தம் செய்து, படம் டிவியில் போனால் நடிகனுக்குப் பங்கு என்று வாங்கிவிட்டார்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷமாம். புதிய சட்டத்தை விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். காப்புரிமைக்கு ஒரு மசோதா, நடிகர், பாடகர் பாதுகாப்புக்கு ஒன்று. 2019ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 2020ல் ஜனாதிபதி ராமபோசா திருப்பி அனுப்பினார், 2024ல் மறுபடி நிறைவேற்றினார்கள், அந்த அக்டோபரில் அவர் இரண்டையும் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். செயற்கை நுண்ணறிவு உங்கள் குரலை எடுத்துப் பேசுவது பற்றி, ம்ஹும், நேரமில்லை. உங்கள் பிள்ளை எதிலாவது நடிக்கக் கையெழுத்துப் போடப்போனால், எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டில் ஓட்டுவார்கள் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போதும், பாட்டைப் போடுங்கள் அண்ணா, பாடினவர் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.