கெட்டவனைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், மண்டபம் கடற்கரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக முடியாது. பட்டிமன்றத்துக்கு இத்தனை ஆண்கள் வந்திருக்கும் ரகசியம் எனக்குத் தெரியாதா?

கெட்டவனை நடுவில் வைத்து எடுக்கும் படம் நம்மைக் கெடுக்கிறதா, யோசிக்க வைக்கிறதா? யோசிக்க வைக்கிறது என்பது எங்கள் கட்சி.

எதிரணி அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். 1976-இல் வந்த 'டாக்ஸி டிரைவர்' படத்தின் மேல் பித்துப் பிடித்த ஹிங்க்லி என்பவர் 1981-இல் அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டார் என்றார். உண்மைதான் அண்ணே. அந்தப் படம் இல்லாவிட்டால் இன்னொன்று அகப்பட்டிருக்கும் என்று நான் சமாளிக்கப் போவதில்லை. ஆனால் படத்தின் முடிவை மட்டும் ஏன் முழுங்கிவிட்டீர்கள்? அந்த டிரைவர் முதலில் சுடப் போவது தேர்தலில் நிற்கும் தலைவரை. காவலர்கள் பார்த்துவிட, ஓடி வந்துவிடுகிறான். அதே ஆள், அதே வெறி, அன்றைக்கு ராத்திரியே ஒரு சின்னப் பெண்ணை வைத்துத் தொழில் செய்பவர்களைப் போய்ச் சுடுகிறான். பத்திரிகைகள் அவனை வீரன் என்கின்றன! மாறியது குறி மட்டும்தானே? இப்படி யாருக்கெல்லாம் கை தட்டுகிறோம் என்று படம் நம்மைத்தான் கேட்கிறது. ஹிங்க்லியின் காதில் அந்தக் கேள்வி விழவில்லை. சித்தம் சரியில்லாதவர் என்றுதான் 1982-இல் ஜூரியும் தீர்ப்புச் சொன்னது.

சரி, அமெரிக்கா எதற்கு? நம் மகேந்திரன் 1979-இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தாரே! சுந்தரவடிவேலு ஊரில் பள்ளிக்கூடம் நடத்தும் பெரிய மனிதன். கத்தி எடுக்க மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். நோயாளி மனைவி வீட்டில் இருக்க, அவள் தங்கையைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பான். இப்படிப்பட்டவனை இந்தக் கூட்டத்தில் யாருமே பார்த்ததில்லையா? அக்காமார் சிரிப்பதைப் பார்த்தால் பதில் தெரிகிறது.

கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. இறங்குவதற்கு முன்னால் அவன் பேசுவதைக் கவனியுங்கள். இதுவரை நீங்களெல்லாம் நல்லவர்கள், இன்றைக்கு என்னை மாதிரியே ஆகிவிட்டீர்கள், நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிற பொருளில் சொல்கிறான். அடித்துத் திருத்தும் படமாக இருந்தால் அந்த இடத்தில் விசில் பறந்திருக்கும். இங்கே பார்ப்பவனுக்குத் தொண்டை அடைக்கிறது. அவன் சாக வேண்டும் என்று இரண்டு மணி நேரமாக நாமும்தானே காத்திருந்தோம்!

ஊர்க்கூட்டம் என்றால் என்ன என்று இந்தக் கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஒருத்தனை ஒதுக்கி வைத்தால் அவன் படகில் ஏற ஆள் கிடைக்காது, அவன் மீனை ஏலம் எடுக்க ஆள் வராது. ஒதுக்கப்பட்டவன் அயோக்கியனாகவே இருக்கலாம். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கூட்டத்தில் யாராவது கேட்டிருப்பார்களா? மகேந்திரன் கேட்டார். தண்ணீருக்குள் போனவனோடு படத்தை முடித்துவிடாமல், கரையில் தனியாக விடப்பட்ட அவன் பிள்ளைகளைக் காட்டினார்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஸ்லோமோஷனில் அரிவாளோடு நடந்து வருபவனுக்கு இசை போட்டு விசில் வாங்கும் படங்களை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள். அதில் அடி வாங்கியவன் அடுத்த காட்சியிலேயே காணாமல் போய்விடுவான். நாங்கள் வாதாடுவது, அடி வாங்கியவர்களை விட்டு நகராத படங்களுக்காக.

மணி அடிக்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். சுந்தரவடிவேலு ஆற்றில் இறங்கியபோது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா, இல்லையா? ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்மா.