புதுப் பள்ளிக்கூடம் வைக்க நினைத்த வாத்தியார்

பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

1860-களில் காரைக்குடிப் பக்கம் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார், புதிதாகப் பள்ளிக்கூடம் வைக்கலாமா என்று யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் என்ன இருந்தது என்பதை இன்றைக்குப் பேச ஆசைப்படுகிறேன்.

கையில் காசு இல்லை. 1826-லேயே சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, வாத்தியார்களுக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். 1854-ல் பிரிட்டிஷ் மந்திரி சார்லஸ் வுட்டின் கல்வித் திட்டம் வந்ததும், தனியார் பள்ளிகளுக்கும் சர்க்கார் மானியம் உண்டு என்று ஆனது. சரி, வாங்கிக்கொள்ளலாமே என்றால், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும், அவர்கள் சொல்லும் பாடத்தை நடத்த வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நம் ஊர்த் தகப்பனார்கள் கேட்டது வேறு. பையன் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகும் பையனாக, ரங்கூனுக்கோ கொழும்புக்கோ கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போக வேண்டும். பேரேடு எழுதத் தெரிய வேண்டும். வட்டி வாயிலேயே வர வேண்டும்.

அதை அந்த வாத்தியார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார் தெரியுமா? மணலில் விரலால் எழுதவைத்து, எண்சுவடி என்ற வாய்பாட்டுச் சுவடியை உரக்கச் சொல்லவைத்தார். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. மாகாணி 16-ல் ஒரு பங்கு. அன்று ரூபாய்க்கு 16 அணா என்பதால் மாகாணி தெரிந்த பிள்ளைக்கு அணாக் கணக்கு தானாக வந்துவிடும். நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி, முதல் 250 ரூபாய். ஒரு மாத வட்டி? ‘ஒன்றே முக்காலே அரைக்கால்’ என்பான் பையன். ஒரு ரூபாய் பதினாலு அணா! காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. இந்தப் படிப்பை மட்டமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இதைக் குறைத்து, சர்க்கார் சொல்லும் பூகோளம் போன்ற பாடத்தைக் கூட்டினால் பிள்ளைகள் அடுத்த திண்ணைக்குப் போய்விடுவார்கள். கூட்டாவிட்டால் மானியம் கிடைக்காது. பழைய வழியிலேயே நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மன்றோ எடுத்த கணக்கில் ராஜதானி முழுக்கப் பள்ளிகளில் படித்துவந்தவர்கள் 1,88,650 பேர். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். வயலில் உழைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் அந்தத் திண்ணையில் இடமே கிடையாது. புதுப் பள்ளிக்கூடம் அவர்களுக்காகத்தான் வந்திருக்க வேண்டும். அது வர எத்தனை காலம் பிடித்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறோம். பரணில் கிடக்கும் ஏடுகளைக் குப்பையில் போடுகிறோம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. உங்கள் வீட்டில் எண்சுவடியோ பழைய கணக்கேடோ இருந்தால், இன்றைக்கே எடுத்துத் தூசி தட்டி, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள்.